மாமா காருக்கு ஒரு காற்றுத்தடுப்பு

எங்கள் வீட்டில் எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் அட்டையை வெட்டிப் பார்ப்போம். அப்பா ஏ.எஸ்.ராவ் நகரில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை இன்ஜினியர். ஒழுகும் குழாய், ஆடும் கட்டில், அத்தையின் குடும்பம் எல்லாமே அவருக்கு ஒன்றுதான். அளவெடுத்து, அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு செய்தால் சரியாகிவிடும்.

அத்தை அப்பாவுக்கு அக்கா, பாங்க்கில் வேலை. மாமா மாதாப்பூரில் சாஃப்ட்வேர். அவர்களுக்குக் குழந்தை இல்லை, கார் இருந்தது. போலாரத்தில் யாரோ பழைய பங்களாவைக் காலி செய்தபோது மாமா ஆசைப்பட்டு வாங்கியது. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். மாமாவைவிட அதற்கு வயது அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதில் என்னையும் கூட்டிப்போவார்கள். முன்னால் அவர்கள் இருவரும், பின்னால் ராஜாத்தி மாதிரி நான்.

ராஜாத்திக்கு ஒரு உத்தியோகமும் உண்டு. கூரையில்லாத வண்டியில் காற்று காதை அடைத்துவிடும். அதனால் மெதுவாகப் போகச் சொல்ல வேண்டுமென்றால் அத்தை திரும்பி என்னிடம் சொல்வாள். நான் எழுந்து மாமாவின் காதில் கத்துவேன். மாமா சொல்கிற பதிலை அத்தையின் காதில் கத்துவேன். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கியர் கம்பி மட்டும்தான் இருந்தது. இந்த வேலையில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் அப்பா அத்தையிடம், வீட்டில்தான் பேசிக்கொள்வதில்லை, வண்டியிலாவது இரண்டு பேரும் பேசக்கூடாதா என்று கேட்டார். காத்துல ஒண்ணும் கேக்காதுடா என்றாள் அத்தை. வேறு யாராயிருந்தாலும் அத்தோடு பேச்சை மாற்றியிருப்பார்கள். அப்பா இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார்.

சீட்டின் முதுகிலும் கதவு ஓரத்திலும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டினார். மாமா ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நூல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். நூல்கள் பின்னால் பறக்காமல் முன்னால் பறந்தன. காற்று முன்பக்கத்திலிருந்து அடிக்கவில்லை, கண்ணாடியைத் தாண்டிப் போய், பின்னாலிருந்து சுருண்டு திரும்பி வந்து கழுத்தில் அடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு வந்தார். அன்று சாப்பாட்டின்போது முழுக்க இதே பேச்சு. அம்மா ரசம் ஊற்றினாள்.

அந்தக் காற்றுக்குத் தடுப்பு வைக்கலாம், ஆனால் காரில் ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது என்பது மாமாவின் நிபந்தனை. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, முன்சீட்டுகளுக்குப் பின்னால் நிறுத்தி, உயரம் போதாமல் மறுபடி வெட்டினார் அப்பா. போர்டு எழுதும் கடையில் அக்ரிலிக் ஷீட் வாங்கி அதே அளவில் அறுத்தார். விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கும் வேலை எனக்கு. முன்சீட்டுக் கம்பிகளோடு கிளாம்ப் வைத்து முடுக்கியதும் அது கண்ணாடிச் சுவர் மாதிரி அசையாமல் நின்றது. அப்பா இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். தொழிற்சாலையில் எதைச் செய்தும் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதாக எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போலாரம் பக்கம் போனோம். அத்தையின் தலைமுடி ஒன்றுகூடப் பறக்கவில்லை. காற்று மொத்தமும் என் மேல்தான். மரங்கள் அடர்ந்த ரோட்டில் அத்தை திரும்பி, தடுப்பை விரலால் தட்டினாள். ஏதோ சொன்னாள், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. கேட்கவில்லை என்று தெலுங்கில் கத்தினேன்; தெலுங்கு ஊரிலேயே வளர்ந்ததால் அவசரத்துக்கு எனக்குத் தெலுங்குதான் வரும். அத்தை எட்டி, தடுப்புக்கு மேலாக உரக்கச் சொன்னாள்.

"ஏட்டி, ஒங்க மாமாட்ட சொல்லு. மெட்ராஸுக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டேன். நான் மட்டும் போறேன்."

நான் எழுவதற்குள் மாமா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். இன்ஜினையும் அணைத்தார். எங்கும் சத்தமே இல்லை. ஆனாலும் என் வேலையை நான் விடவில்லை. தடுப்பில் தொற்றி, மாமாவின் காதில் ஒரு வார்த்தை விடாமல் கத்தினேன். ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி முழுவதும் கேட்டார்.

"கேட்டுச்சும்மா," என்றார். "அப்பவே கேட்டுச்சு."

திரும்பி வந்தபோது அப்பா எங்கள் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டார். பிரமாதம், நான் சொல்வதற்கு முன்னாலேயே மாமாவுக்குக் கேட்டுவிட்டது என்றேன். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா மட்டும் ஈரக்கையோடு வெளியே வந்து, அத்தை என்ன சொன்னாள் என்று கேட்டாள். சொன்னேன். அப்பா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

தடுப்பு இவ்வளவு நன்றாக வேலை செய்தும் அவர் ஏன் உட்கார்ந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. என் கோபமெல்லாம் மாமா மேல். அப்போதே கேட்டுவிட்டதென்றால், தொண்டை வலிக்க நான் கத்தி முடிக்கும்வரை எதற்காகக் காத்திருந்தார்?