அப்பா கேட்ட புத்தகம்

இன்று மதியம் குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு ஜட்கா வண்டியில் போனேன். காய்ச்சலில் விழுந்ததிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத அப்பாவுக்கு ஒரு புத்தகம் வாங்க வேண்டியிருந்தது.

ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் விற்கும் ஒருவர் ஆலய வாசலில் கடை விரித்திருந்தார். அப்பாவுக்கு என்றதும் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று அன்றாட ஜெபங்கள். மற்றது மரணத்துக்குப் பிறகு ஆத்துமா போகிற இடம் பற்றியது.

"பெரியாளுவளுக்கு இதுதாம்மா ஆறுதலு" என்று இரண்டாவதை நீட்டினார்.

படுக்கையில் கிடப்பவர் கையில் இதைக் கொடுத்தால் என்ன நினைப்பார்? ஜெபப் புத்தகத்தோடு திரும்பிவிட்டேன்.

அப்பா அட்டையைப் பார்த்தார். "ஏட்டி, பரலோகத்தப் பத்தி ஒண்ணும் கெடைக்கலியா?"

நான் ஜெபப் புத்தகத்தை அவர் தலைமாட்டில் வைத்தேன்.

"குத்தாலத்துக்குக் கெளம்புதவன்கூட அருவியில தண்ணி விழுதான்னு கேட்டுட்டுல்லா கெளம்புதான்? நான் போற ஊர விசாரிக்க வேண்டாமா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கஞ்சியும் கேட்டு வாங்கிக் குடித்தார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

புத்தகக்காரர் இதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். நம் சபையாரிடம் கைமாறி வரும் இந்தக் கார்டைப் படிக்கிற உங்களில் யாரிடமாவது அப்படியொரு புத்தகம் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். திருப்பிக் கேட்டு மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். அவர் மெதுவாகவே படிக்கட்டும்.