இணையத்தில் என் மூச்சு

ஜூலை ஒன்பது, செவ்வாய், காலை ஏழு மணி பத்து நிமிடம். லேக் கார்டன்ஸில் தூறல், காற்றே இல்லை. மருமகள் என் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்டாண்டில் செல்போன். நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். மாணவர்களுக்காக வீடியோப் படம் எடுத்து இணையத்தில் போடுவாள்; எந்த ஊர் வாத்தியாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

"நாடிதானே? ஒரு நிமிஷம் போதாதா?"

"அசையாம இருங்கப்பா."

ஐந்து நிமிடம் ஆனது. முடிந்த பிறகு சொல்கிறாள், எடுத்தது நாடியை அல்லவாம், மூச்சையாம். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடுமாம். அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்க்க வேண்டுமாம்.

"முகம் வரல. போடட்டுமா?"

"போடு. எத்தனை வந்தது?"

"அதுதான் கேள்வியே. பசங்க பதில் எழுதட்டும், சொல்றேன்."

முப்பத்தாறு வருடம் வங்கியில் எண்ணியவனுக்கு இதுதான் பதில்!

வியாழனன்று படத்தின் கீழே பதில்கள் வர ஆரம்பித்தன. தங்கள் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணி எழுத வேண்டும். சனிக்கிழமைக்குள் நாற்பது பேர். முப்பத்தொரு பேர் இருபத்தேழு, அல்லது ஒன்று முன்பின். ஒன்பது பேர் பதினெட்டு. ஒரு பெண் பெங்காலியில், "இந்தத் தாதுவை உடனே டாக்டரிடம் காட்டுங்கள்" என்று எழுதியிருந்தாள். இந்த ஊரில் தாது என்றால் தாத்தா. இருபதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று படத்தில் மருமகளின் குரலே சொல்கிறது.

நானும் படத்தை ஓட்டி எண்ணினேன். பதினெட்டு. படிக்கிற பிள்ளைகள் முப்பத்தொரு பேருக்குத் தெரிவது என் கண்புரைக்குத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். வராந்தாவில் நடந்தேன். நடந்தால் மூச்சு கூடுமே என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் எண்ணத் தோன்றியது, எண்ணினால் மாறியது.

திங்களன்று வீட்டில் சொல்லாமல் பாலிகஞ்சில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிறாராம்! எனக்கா தெரியாது? மூச்சு தறிகெட்டு ஓடியது. "இருபத்துநாலு," என்று சொல்லி எக்ஸ்ரே, இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதிக் கொடுத்தார்.

புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது. ஒரு குறையும் இல்லை. ஆனால் எக்ஸ்ரே உறை அலமாரிக்குள் நுழையவில்லை, மருமகள் பார்த்துவிட்டாள்.

"என்னப்பா இது?"

சொன்னேன். அவள் செல்போனை எடுத்து அதே படத்தில் எதையோ தட்டிக் காட்டினாள். திரையில் என் மார்பு நாய்க்குட்டியின் வயிறு மாதிரி இரைத்தது.

"இந்தப் பசங்க எந்தப் பாடத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்துலதான் பார்க்கும். பதினெட்டை ஒன்றரையால பெருக்குங்க. பேங்க்ல வட்டி போட்ட ஆளுக்கு இது தோணலையா?"

சிரித்து முடித்தவள் கேட்டாள்: "நீங்க எண்ணினது சரிதானேப்பா. அதை ஏன் நம்பல?"

நான் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டேன்.

மறுபடி படம் எடுக்க வேண்டும் என்றாள். இந்த முறை வினாடி முள் உள்ள கடிகாரமும் படத்துக்குள் இருக்க வேண்டுமாம். எந்த வேகத்தில் ஓட்டினாலும் கடிகாரமும் சேர்ந்து ஓடும். வீட்டில் அப்படி ஒன்று இல்லை. நானே கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

"இப்போதான் எனக்குத் தெரியுமே, மூச்சு மாறுமே?"

"நீங்க உங்க நாடியை எண்ணிட்டே இருங்க. மூச்சை நான் பார்த்துக்கறேன்."

நாடி எழுபத்தாறு. மூச்சை நான் கேட்கவில்லை. டாக்டர், பரிசோதனைகள், டாக்சி, கடிகாரம் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.