சலீம் ஏற்றுக்கொண்ட என் பிழை

கிண்ணியாவிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் படலையடியில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். சலீமின் மகள் பரீனா பேசினார். "மாமா, வாப்பா சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிட்டார். பின்னேரம் அஸர் தொழுகையோட அடக்கம்." மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மையவாடிக்கு எங்களோடு ஜெட்டியில் வேலை செய்தவர்கள் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். அடக்கம் முடிந்து வெளியே வருகையில் கிரேன் ஓட்டிய யோசப்பு என் தோளில் கை வைத்து, "தங்கமான மனுசன். அந்த ஒரு நாள் கை பிசகாட்டி கங்காணியாவே ஓய்வு எடுத்திருப்பான்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இருபது வருசத்துக்கு மேல் இந்தக் கதைக்கு ஆடிப் பழகிய தலை, அவரை மண்ணில் வைத்துவிட்டு வந்த அந்த இடத்திலும் ஆடியது.

அன்று பிசகியது என்னுடைய கை. அவரைத் தெரிந்த எல்லாருக்கும் அது தெரிய வேண்டும்.

ஜெட்டிக்கு வரும் கப்பலின் கயிறுகளை வாங்கி இரும்புக் குற்றிகளில் மாட்டுவதும், கப்பல் போகையில் கழற்றி விடுவதும் எங்கள் வேலை. நான் அதில் சேர்ந்து முப்பது வருசமான நேரம் எங்கள் கங்காணி ஓய்வு பெற்றார். அடுத்தது நான்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் கங்காணி ஒவ்வொரு கப்பலுக்கும் படிவம் நிரப்ப வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது. என்னை விடப் பதினொரு வயது இளையவரான சலீமைக் கங்காணியாக்கினார்கள்.

அவர் முதல் நாளே என்னிடம் வந்து, "அண்ணன், பேருக்குத்தான் நான் கங்காணி. வேலை உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். எனக்கு அது நக்கலாகப் பட்டது. அன்றிலிருந்து நான் வேலை செய்வதை விட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். நேரத்துக்கு வருவேன், கொட்டகையில் குந்தியிருந்து வெற்றிலை போடுவேன், கூப்பிட்டால் எழும்பிப் போவேன். கப்பலின் பேரைக்கூடக் கேட்பதில்லை. வேலை நேரத்தில் நித்திரை கொண்டு இரண்டு தரம் பிடிபட்டேன். மூன்றாம் தரம் என்றால் வீட்டுக்குத்தான் என்று மனேஜர் சொல்லியிருந்தார். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியிருந்தும் எனக்கு ரோசம் வரவில்லை.

வாடைக்காற்றுத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம். ஜெட்டியில் இரண்டு கப்பல்கள் முன்னும் பின்னுமாக நின்றன. இப்படி நிற்கும்போது இரண்டு கப்பலின் கயிறுகளும் ஒரே குற்றிக்கு வரும். கயிற்றின் நுனியில் வளையமாக ஒரு கண் இருக்கும். இரண்டாவது கயிற்றின் கண்ணை முதல் கயிற்றின் கண்ணுக்குள்ளால், கீழிருந்து மேலே இழுத்தெடுத்துத்தான் குற்றியில் போட வேண்டும். அப்போதுதான் எந்தக் கப்பல் முதலில் போனாலும் அதன் கயிறு தடையில்லாமல் கழலும். சும்மா மேலே போட்டால் கீழே உள்ளது மாட்டுப்பட்டுக் கிடக்கும். இதை நான் வேலைக்கு வந்த முதல் கிழமையிலேயே பழகினேன். பாரமான கயிறு, குனிய வேண்டும், கை தோயும். அன்று எனக்குக் குனிய மனமில்லை. மேலே போட்டுவிட்டு வந்து குந்திவிட்டேன்.

காற்று ஏறியது. முதலில் வந்த கப்பலை உடனே வெளியே எடுக்கச் சொன்னார்கள். மற்றக் கயிறுகள் எல்லாம் கழன்றன. என் குற்றியில் இருந்தது கழலவில்லை. மற்றக் கப்பலின் கயிறு அதன்மேல் இறுகிக் கிடந்தது. அதை இளக்க அந்தக் கப்பலில் ஆள் வருவதற்குள், போக வெளிக்கிட்ட கப்பல் பின்பக்கம் திரும்பி ஜெட்டியில் இடித்தது. நான் குற்றியைப் பார்த்துக்கொண்டு மரமாக நின்றேன். சலீம் கோடரியோடு ஓடி வந்தார். என்னைப் பின்னால் தள்ளிவிட்டுக் கயிற்றை வெட்டினார். அறுந்த கயிறு துள்ளி அவருடைய இடது தோளில் அடித்தது. அதன்பிறகு அந்தக் கையை அவரால் காதுக்கு மேல் தூக்க ஏலாமல் போனது.

விசாரணையில் குற்றியில் கயிறு போட்டது யார் என்று கேட்டார்கள். தோளில் கட்டோடு நின்ற சலீம், "நான்தான் சேர். அவசரத்தில மேல போட்டுட்டன்" என்றார். அப்படித்தானா என்று என்னிடமும் கேட்டார்கள். ஓம் என்றேன். சலீமைக் கங்காணி வேலையிலிருந்து இறக்கி எங்களோடு விட்டார்கள். பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க ஏலாமல் போனது. அடுத்த ஆள் வரும்வரைக்கும் மூப்பின்படி என்னையே கங்காணியாக நிற்கச் சொன்னார்கள்.

நான் வயிற்றுக்குத்து என்று வீட்டில் கிடந்தேன். மூன்றாம் நாள் சலீம் ஒற்றைக் கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"என்னை இறக்கத்தான் செய்வாங்க. உங்களை அனுப்பிருவாங்க" என்றார். "எழும்புங்க அண்ணன். நீங்க வராட்டி என்ட பொய் பிடிபட்டுரும்."

"எனக்கு அந்த வேலையில மனமில்லையடா தம்பி."

"மனம் வரட்டும் எண்டு பாத்துக் கிடந்தா அது வராது. நீங்க முன்னால போங்க. அது பின்னால மெதுவா வந்து சேரும்."

என் மனிசி கொடுத்த தேத்தண்ணியை அவர் குடித்து முடிக்கும்வரைக்கும் நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாள் போனேன். வெட்கத்தில்தான் போனேன், விருப்பத்தில் இல்லை.

படிவங்களைக் கந்தோர் மேசையில் அவரே நிரப்பினார். நான் சொல்ல வேண்டும், அவர் எழுதுவார். எந்தக் கப்பல், எந்தக் குற்றி, என்ன காற்று என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். முன்னொரு தரம் வந்த கப்பல் என்றால், "அப்ப என்ன நடந்த, சொல்லுங்க" என்பார். சொல்லப் போனால் எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பத்து வருசத்துக்கு முந்திய கப்பலில் எந்தக் கயிறு நைந்து கிடந்தது என்றுகூடச் சொன்னேன். "உங்கட தலைக்குள்ள கிடக்கிறத எழுத இந்தக் கந்தோரில தாள் காணாது அண்ணன்" என்று சிரிப்பார்.

ஒரு நாள் ஒரு பழைய கப்பல் வந்தது. அதன் முன்பக்கத்தில் கயிறு இறுக்கும் விஞ்சில் பிரேக் வழுக்கிவிட்டுத் திடீரென்று பிடிக்கும் என்பது எனக்கு நினைவு வந்து, அந்தக் கயிற்றடியில் ஒருவரும் நிற்க வேண்டாம் என்று சத்தம் போட்டேன். கயிறு அறுந்து, ஆளில்லாத தரையில் சாட்டை மாதிரி அடித்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது, நாளைக்கு என்ன கப்பல் என்று நானாகவே கேட்டேன். சலீம் யோசப்பைப் பார்த்துக் கண்ணடித்தார். அதன்பிறகு எனக்கு வேலையில் பசி வந்தது. காலையில் ஜெட்டியில் முதல் ஆளாக நின்றேன். குற்றி குற்றியாகக் குனிந்து பார்த்தேன். அடுத்த ஆளை அவர்கள் அனுப்பவே இல்லை. என் வேலையில் நல்ல வருசங்கள் அந்தக் கடைசி வருசங்கள்தான். அவற்றை நான் சலீமின் இடத்தில் நின்று அனுபவித்தேன்.

இனிச் சொல்வது அதைவிட மோசமானது. நான் ஓய்வு பெறும் மாதம் புது மனேஜர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த கங்காணியாகச் சலீமைப் போடலாமா, நல்ல ஆள்தான், ஆனால் அந்தப் பழைய விசயம் ஒன்று இருக்கிறதே என்றார். எனக்கு இனி வேலை போகும் பயம் இல்லை. மகளின் கல்யாணமும் முடிந்திருந்தது. ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான், "ஓம் சேர், அது இருக்குத்தான்" என்றேன். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். சலீம் அந்தத் தோளோடு கயிறு இழுத்தே தன் காலத்தை முடித்தார்.

அன்று பின்னேரம் அவர் என்னிடம், "என்னைப் பத்திக் கேட்டாங்களா அண்ணன்?" என்று மட்டும் கேட்டார். கேட்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டில் சும்மா இருக்க வேண்டாம், தோட்டமாவது செய்யுங்கள் என்று கதையை மாற்றினார். பெருநாளுக்குப் பெருநாள் சாப்பாடு அனுப்புவதை ஒரு வருசமும் அவர் விட்டதில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நான் திரும்பவும் கிண்ணியாவுக்குப் போனேன். பரீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆசிரியை, அமைதியானவர். முழுதையும் கேட்டார். பிறகு சொன்னார், "பள்ளிக்கூடத்தில என்னைக் கப்பல இடிச்சவன்ட மகள் எண்டு கூப்பிட்டவங்க மாமா. வாப்பாட்ட வந்து அழுதா, கை பிசகிறது மனிசருக்குத்தான் எண்டு சொல்லுவார்." எழும்பி அடுப்படிக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. போய்விடுவோமா என்று நான் கதிரையை விட்டு எழும்பிய நேரம் ஒரு கொப்பியோடு வந்தார். "இருங்க. நாற்பதாம் நாள் கத்தம் ஓதுறதுக்கு வாறவங்களுக்குக் குடுக்க ஒரு தாள் அடிக்கிறம். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறன். ஒண்டையும் விடாதீங்க." இதுவரை நீங்கள் வாசித்தது அவர் எழுதியது. மனேஜரிடம் நான் சொன்ன அந்த ஓமை எழுதும்போது அவருடைய கை நின்றது. அழிக்கவா என்று அவர் கேட்கவில்லை. அழி என்று நானும் சொல்லவில்லை.

கடைசியில், வாப்பாவின் ஞாபகமாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று போட வேண்டும் என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்ன கதைகள் இருக்கின்றன, சிரிப்பு இருக்கிறது, வேலையில் எனக்குத் திரும்பக் கிடைத்த பசி இருக்கிறது. அவற்றை வைத்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிழையை எழுதுங்கள் என்றேன். இவ்வளவு காலமும் அதை அவர் வைத்திருந்தார். இனி அது என்னிடம் இருக்கும்.

கீழே என் பெயரை முழுதாகப் போடச் சொல்லி, பக்கத்தில் என் பெருவிரலை வைத்திருக்கிறேன்.

கந்தையா நாகராசா