ஊரிகம் லைன் வீட்டு வலது கட்டைவிரல்

கால் கட்டைவிரலுக்கு வைத்தியம் பார்ப்பது மரியாதையான தொழில் அல்ல; இதய டாக்டரைக் கும்பிடுகிறார்கள், என்னிடம் செருப்போடு நீட்டுகிறார்கள்.

ஆண்டர்சன்பேட்டையில் எலும்பு டாக்டராக உட்கார்ந்தே கிழவனானவன் நான். கட்டைவிரல் அடிமூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பு புடைத்து, படி ஏறும்போது பல்லைக் கடிக்கிற ஆளா நீங்கள்? உட்காருங்கள். எனக்கும் அதே வலிதான். வலது கால். நீட்டி முழக்க மாட்டேன்.

எப்போது வலிக்கும்?

அந்தோணி தங்கச் சுரங்கத்தில் கூரை சரியாமல் மரம் முட்டுக்கொடுத்தவர். எண்பதைத் தாண்டியவர். மகள் மேரி தாங்கிப் பிடித்து அழைத்து வந்தாள். வலது கட்டைவிரல் மூட்டு கல்லாக இறுகியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசியது. எப்போது வலிக்கும் என்று கேட்டேன். காலையில், நடந்தால், குளிரில் என்று எதையாவது சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே.

"ஷிப்டு எறங்கும்போது" என்றார்.

மைன்ஸ் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே தண்ணீர் நிற்கிறது. ஆட்களை இறக்கி ஏற்றிய கேஜும் இல்லை, ஷிப்டுச் சங்கும் இல்லை. எந்த ஷிப்டு பெரியவரே, அதான் மூடியாச்சே என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"மூடுனது மேல டாக்டர். கீழ போய் யார் மூடுனது?"

ஆடிய படம்

மேரியும் நொண்டினாள். அதே வலது கால். கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, மூட்டு வெளியே முட்டிக்கொண்டு நின்றது. காலை ரயிலைப் பிடித்து பெங்களூரில் ஒரு துணிக்கடைக்குப் போகிறவள். நாள் முழுக்க நின்றே வேலை. இன்னொரு தடவை நொண்டினால் வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டானாம். அப்பாவும் மகளும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

என் எக்ஸ்ரே ஆள் மஞ்சுநாத் படம் எடுத்தான். நாலு விரலும் பளிச்சென்று இருந்தன. கட்டைவிரல் மட்டும் புகை மாதிரி கலங்கியிருந்தது. ஆடாதே என்று மேரியைத் திட்டினேன். திரும்ப எடுத்தோம். அதே புகை. கடைசியில் நானே ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு அவள் காலை அழுத்திப் பிடித்தேன். கால் ஆடவில்லை. படம் ஆடியிருந்தது. வேறொரு நாள் வரச் சொல்லி எடுத்தபோது ஒழுங்காக வந்தது, அது வேறு விஷயம். அன்றைக்கு மஞ்சுநாத் மெஷினை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

"பேடா சார், வேணாம். மெஷின் சரியாத்தான் இருக்கு. அந்தக் காலைக் கீழே இருந்து யாரோ தட்டறாங்க."

அடுப்படியில் நிற்கிற விதம்

அந்தோணிக்கு மூட்டில் ஊசி போட நானே அவர்கள் வீடு இருக்கிற ஊரிகத்துக்குப் போனேன். வேறு யார் போவது? சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. மேரி அடுப்பெதிரில் நின்றிருந்தாள். இடது கால் சும்மா இருந்தது. உடம்புப் பாரம் மொத்தத்தையும் வலது கட்டைவிரலில் ஏற்றித் தரையை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது என்னம்மா நிற்கிற லட்சணம்?"

"எங்கம்மா இப்டித்தான் நிப்பாங்க. லைன்ல அல்லாரும் இப்டித்தான். கீழ ஏர் பிளாஸ்ட் ஆகி பாறை வெடிச்சா ஏனம் ஆடும்ல? அது அப்பால டாக்டர். மொதல்ல வெரலுக்குத் தெரியும்."

"இப்போ யார் இருக்கிறார்கள் கீழே?"

"யார் இக்கிறாங்களோ, தரை ஆடுதே. நைனா கட்டிலுக்கு மேல செவுரு பாருங்க."

பார்த்தேன். என் கை நுழையும் அளவுக்கு விரிசல். கட்டைவிரல் வலித்தால் அப்பாவைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாளாம். நான் சுருக்கமாகச் சொன்னேன். இப்படி அமுக்கி நின்றால் மூட்டு தேயத்தான் செய்யும். எலும்பை நேராக்கி, தகடு வைத்து, மூட்டை ஸ்குரூ போட்டு ஒட்டிவிடுகிறேன். மடங்காது, வலிக்காது, வேலை போகாது.

"வலிக்கலன்னா நைனாவை எப்ப தூக்கறதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

நான் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு கட்டில் பக்கம் திரும்பினேன். கட்டிலில் கிடந்த அந்தோணி என் ஊசியைப் புறங்கையால் தள்ளிவிட்டார்.

"நீ போய் செஞ்சிக்கினு வா, கண்ணு. என் வெரல் அப்டியே இக்கட்டும்."

ஆபரேஷன் மேஜை

மேரியின் காலை மரத்துப்போகச் செய்தாயிற்று. மிச்சக் குருத்தெலும்பைச் சுரண்டி, எலும்பை நிமிர்த்தி, தகடு வைத்து, கடைசி ஸ்குரூவை முடுக்கப் போகிறேன்.

"டாக்டர், வருது."

"மருந்து போட்டாச்சு. உனக்கு ஒன்றும் வராது. பேசாமல் படு."

சொல்லி வாய் மூடவில்லை. என் வலது கட்டைவிரலில் சுரீர் என்றது. அதற்கப்புறம்தான் தட்டில் இருந்த இடுக்கிகள் ஒன்றோடொன்று கிணுகிணுக்க ஆரம்பித்தன. தலைக்கு மேல் விளக்கு மெல்ல ஆடி நின்றது. மேரி "நைனா, நைனா" என்றாள். நான் தைத்து முடிப்பதற்குள் மஞ்சுநாத் அவளுடைய பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டான். சுவர் இடிந்து கட்டில் மேலேயே விழுந்திருந்தது. கைத்தாங்கல் இல்லாமல் ரெண்டடி வைக்க முடியாத கிழவர் தெருவில் உட்கார்ந்திருந்தார். போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, எப்படி வெளியே வந்தீர்கள் என்று கத்தினேன்.

"நடந்துதான். பின்ன கேஜுல ஏறியா வருவாங்க?"

தையல் பிரித்த பிறகு

மேரிக்கு எலும்பு நன்றாகக் கூடியது. மேனேஜர் வாயை மூடிக்கொண்டான். சுவரைக் கட்டிப் பூசினார்கள். அந்தோணி அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டார்.

கடைசி எக்ஸ்ரேவுக்கு மேரி வந்தாள். படம் பளிச். என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து நின்று பழைய வழக்கப்படி வலது விரலைத் தரையில் அமுக்கினாள். காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் அமுக்கினாள். சந்தோஷமா என்று கேட்டேன்.

"இப்ப எங்க வூட்ல யாருக்கும் வலிக்கல டாக்டர். அதான் பயமா இக்குது."

எனக்கே போட்டுக்கொள்ள வாங்கிவைத்த ஊசி மருந்தை நான் இன்னும் உடைக்கவில்லை. ஊரில் ஒரு கட்டைவிரலாவது வலித்துக்கொண்டிருக்கட்டும்.