ஆர்மோனியத்துக்குப் பக்கத்து இடம்

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற மருதாயிக்குப் பிடிவாதம் கூடப் பிறந்தது. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தபோது, துரைசானி மாண்டலின் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே இவளும் பழகிக்கொண்டாள். சீமைக்குக் கப்பலேறும்போது துரைசானி அதை இவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள். அப்புறம் மருதாயி மறுபடி பால் வெட்டப் போனாள். மாண்டலின், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் ஆணியில் தொங்கியது.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழா நாடகத்தில் அவளும் வாசிக்கலாம் என்று பெரிய கங்காணி மூக்கையா ஏதோ நல்ல மனநிலையில் சொல்லிவிட்டார். மேடையில், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில். அந்த மேடையில் பெண்வேஷம்கூட ஆண்கள்தான் கட்டுவார்கள். பொம்பளை ஒருத்தி ஊர் முன்னால் உட்கார்ந்து வாசிப்பதா என்று லயமே வாயைப் பிளந்தது. பிளந்தால் பிளக்கட்டும், மருதாயிக்கு அந்த இடம் வேண்டும்.

ஒத்திகையில்தான் வினை வந்தது. கீழ் ஸ்வரங்கள் ஆர்மோனியத்தோடு ஒட்டி நடந்தன. ராணி புலம்புகிற பாட்டில் மேலே போகப் போக மாண்டலின் சுருதி ஏறிக்கொண்டே போயிற்று. ஆர்மோனியக்கார நல்லையா முகத்தைச் சுளித்தார். மருதாயி விடுவாளா? மழை ஈரத்தில் உங்கள் பெட்டிதான் கெட்டுக் கிடக்கிறது என்று அவரோடு மல்லுக்கு நின்றாள். வீட்டுக்கு வந்து தந்தியைத் தளர்த்திப் பார்த்தாள். மேலே சேர்ந்தது, கீழே கெட்டது. பளீல் நானா கடையில் வாங்கிய புதுத் தந்தி, மாட்டிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதைக் குறை சொல்லவும் வழியில்லை.

ஊர்ப் பேச்சுக்குப் பயந்து சொன்ன சொல்லிலிருந்து கழன்றுகொள்ளப் பார்த்த மூக்கையாவுக்குச் சாக்குக் கிடைத்துவிட்டது. "சனிக்கெழமை ஒத்திகையில சுருதி சேந்தா மேடையில உக்காரு. சேரலைன்னா பேசாம வீட்டுல இரு" என்றார்.

மறுநாள் மலையில் இளமரங்களுக்கு வெட்டுக்குறி போட்டார்கள். கணக்கப்பிள்ளை மரத்தைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டி அளந்து, அதை இரண்டாக மடித்து, பாதிச் சுற்று எதுவரை என்று கோடு கிழித்துக்கொண்டு போனார். மருதாயி பால்வாளியோடு நின்று பார்த்தாள். மாண்டலின் கழுத்தில் குறுக்கே பதித்த பித்தளை மெட்டுகளில் பன்னிரண்டாவதை அழுத்தினால், வெறுந்தந்தியின் ஸ்வரமே மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். அப்படியானால் அந்த மெட்டு தந்தியின் சரிபாதியில் அல்லவா இருக்க வேண்டும்?

வேலை முடிந்ததும் நேரே காம்பராவுக்குப் போய், கழுத்தின் உச்சியிலிருந்து அந்த மெட்டுவரை கயிற்றால் அளந்தாள். அந்த மெட்டிலிருந்து கீழே அதே அளவை இன்னொரு தடவை போட்டாள். தந்திகளைத் தாங்குகிற சின்ன மரத்துண்டை, குதிரை என்பார்களே, அதைத் தாண்டி அரைவிரல் தூரம் போய் நின்றது கயிறு. குதிரை இருக்க வேண்டிய இடத்தைவிடக் கழுத்தை நெருங்கி உட்கார்ந்திருந்தது.

அதைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. புருஷன் இருளப்பனைக் கேட்டாள். ஒழுகுகிற வாளியிலிருந்து கிழிந்த குடைவரை எல்லாவற்றுக்கும் ரப்பர் பாலையே மருந்தாக்குகிற மனிதன் அவன். புதுத் தந்தி மாட்ட அவன் பழையதைக் கழற்றியபோது குதிரை கழன்று விழுந்ததாம்.

"அது இனிமே அசையாது புள்ள. பால் ஊத்தியில்ல ஒட்டியிருக்கேன்" என்றான் பெருமையாக.

"அது அசையணுங்க. அசைஞ்சாத்தான் சேரும்."

ஆத்திரம் வந்தது. ஆனால் அவன் ஆசையாகச் செய்ததற்கு எப்படித் திட்டுவது? நல்லையாவோடு போட்ட சண்டையை நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. தந்திகளைத் தளர்த்தினாள். பால் வெட்டும் கத்தியைக் குதிரைக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். மாண்டலின் மேலே பூசியிருந்த வார்னிஷ் மினுக்கும் சேர்ந்து உரிந்தது. உரிந்தால் உரியட்டும்.

கயிறு காட்டிய இடத்தில் குதிரையை வைத்ததும் மெல்லிய தந்திகள் சொன்னபடி கேட்டன. தடித்தவை இன்னும் துளி ஏறியே நின்றன. அந்தப் பக்கத்து முனையை மட்டும் ஒரு நெல்லளவு பின்னால் தள்ளினாள். மீட்டினாள், அழுத்தினாள், முறுக்கினாள், மறுபடி தள்ளினாள். இருளப்பன் தானே சோறு போட்டுச் சாப்பிட்டான். அடுத்த நாளும் அவனுக்கு அதே கதிதான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் எட்டுத் தந்தியும் வழிக்கு வந்தன.

சனிக்கிழமை ராணியின் புலம்பலில் மாண்டலினும் ஆர்மோனியமும் ஒன்றாகவே மேலேறின. பாட்டு முடிந்ததும் மருதாயி நல்லையா பக்கம் திரும்பினாள். "உங்க பெட்டியில குத்தமில்லண்ணே. கோளாறு என்னுதுலதான் இருந்துச்சு."

மூக்கையா தொண்டையைச் செருமினார். வாசிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் வருவார்கள், திரைக்குப் பின்னால் ஒரு பாய் போட்டுத் தருகிறேன், சத்தம் கேட்டால் போதாதா என்றார்.

"திரைக்குப் பின்னால வாசிச்சா யாரு வாசிச்சான்னு யாருக்குங்க தெரியும்? சேந்தா மேடையிலன்னு சொன்னீங்க. சேந்துருச்சுங்க."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். கங்காணி நல்லையாவைப் பார்த்தார், அவராவது ஏதாவது சொல்ல மாட்டாரா என்று. நல்லையா எழுந்து, மேடைப் பாயின் நடுவில் இருந்த ஆர்மோனியத்தைத் தூக்கி ஓரமாக நகர்த்தி வைத்தார். மருதாயி உட்காரும்வரை காத்திருந்து, அடுத்த பாட்டுக்குச் சுருதி கொடுத்தார்.