புற்றைச் சுற்றிப் போன ரோமானியச் சாலை

"வெள்ளைக்காரனையே ஒருத்தன் ஆண்டானா மிஸ்?"

ஏழாம் வகுப்பு மொத்தமும் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தது. ரோமானியர்கள் பிரிட்டனைப் பிடித்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, கடைசி பெஞ்சில் விசில் பறந்தது. வெள்ளைக்காரன் கட்டிய கட்டடங்களைத் தாண்டித் தினமும் பள்ளிக்கு வரும் கடலூர்ப் பிள்ளைகள் அல்லவா, அன்றைக்கு அவர்களுக்குத் தீபாவளி. எனக்கும்தான்.

2008 வாக்கில் நடந்தது இது. சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அந்த மெட்ரிக் பள்ளியில் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். வேலை தற்காலிகம். பிரசவ லீவில் போன டீச்சர் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்ததும், அந்த இடம் எனக்குக் கிடைக்காதா என்று கிடந்து தவித்தேன். திங்கட்கிழமை என் வகுப்பைப் பார்க்க வருவதாகப் பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் சொல்லி அனுப்பினார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் முழுப்பரீட்சையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சும்மா பாடம் ஒப்பிக்க எனக்கு வராது. வகுப்பு வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் ரோமானியச் சாலை போடலாம் என்றேன். மழை பெய்தால் அங்கே முழங்கால் சேறு. புதுக் கட்டடத்துக்கு வாங்கி மிஞ்சிய கல்லும் ஜல்லியும் மூலையில் கிடந்தன. வகுப்பில் பாதி ரோமானியர், பாதி உள்ளூர்க்காரர். அடியில் பெரிய கல், அதன்மேல் ஜல்லி, மணல், மேலே பட்டைக்கல். தண்ணீர் வடிய நடுவில் மேடு, இரண்டு பக்கமும் வாய்க்கால். உள்ளூர்க்காரர்கள் சுமந்தார்கள், ரோமானியர்கள் அதிகாரம் பண்ணினார்கள்.

"எப்பவும் நாங்களே சொமக்கணுமா?"

"பின்ன, தோத்தவங்கதான சொமக்கணும்!"

ஒரே ரகளை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேலை நின்றது. நேராகக் கட்டிய கயிறு ஒரு பாம்புப் புற்றில் போய் முட்டியது. புற்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். கிட்டே வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டிருந்தேன். உள்ளூர்க்காரர்களின் தலைவி, எங்கள் பள்ளி ஆயாவின் மகள், புற்றுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"எங்கம்மா பால் ஊத்துற புத்து. கை வச்சீங்க, அவ்ளோதான்!"

"நேரா போனாத்தான் ரோமன் ரோடு. மிஸ்ஸே சொன்னாங்க" என்றான் ரோமானியத் தளபதி. ஆனால் மண்வெட்டியைத் தொட அவனுக்கும் துணிச்சல் இல்லை.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். "திங்கக்கெழம கரஸ்பாண்டென்ட்டுக்குப் பாதி ரோட்டயா காட்டுறது? என்னமோ பண்ணித் தொலைங்க!" என்று கத்திவிட்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், சாலை முடிந்திருந்தது. நேராகப் போய், புற்றருகில் வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு மறுபடி நேராகப் போனது. புற்றுக்கு மஞ்சள், குங்குமம், செம்பருத்திப் பூ வேறு. அடப்பாவிகளா, சனிக்கிழமை லீவிலும் வந்திருக்கிறார்கள்! நான் வாயைத் திறப்பதற்குள் கரஸ்பாண்டென்ட் வந்துவிட்டார்.

"ரோமன் ரோடு நேரால்ல இருக்கும்? இதென்ன வளையுது?"

தளபதிதான் முன்னால் வந்தான்.

"மிஸ் சொல்லிக் குடுத்தாங்க சார். பிரிட்டன்ல ஒரு வெந்நீர் ஊத்துல அந்த ஊரு சாமி இருந்துச்சாம். ரோமன்காரங்க அத தூக்கிப் போடல. அவுங்க சாமி பேரயும் கூட சேத்து வச்சிக் கும்பிட்டாங்களாம். அதான் நாங்களும் சுத்திப் போயிட்டோம்."

பெல் அடிக்கிற நேரத்தில் போகிறபோக்கில் சொன்னது அது. ஒருத்தரும் கேட்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

கரஸ்பாண்டென்ட் செருப்பைக் கழற்றிவிட்டு, வளைவையும் சுற்றிக் குழாய் வரைக்கும் நடந்து பார்த்தார். திரும்பி வந்து ஆயா மகளிடம் கேட்டார்.

"சரி, இந்த ரோடு யாருது? ரோமன்காரங்களுதா?"

"போடச் சொன்னது அவுங்க சார். கல்லு சொமந்தது நாங்க. அவுங்க ஊரப் பாக்கப் போயிட்டாங்க, இப்ப எங்களுது."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கொழாயோட நிக்குதே. அடுத்த வருஷம் கேட் வரைக்கும் போட்டுடுங்க மிஸ்."

"அடுத்த வருஷமா சார்?" என்றேன்.

"பின்ன? உங்கள விட்டா யாரு போடுவா?"

பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. ரோமானியர், உள்ளூர்க்காரர் என்று பார்க்காமல் எல்லோரும் ஹோவென்று கத்திக்கொண்டு சாலையில் ஓடினார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நானும் அவர்கள் பின்னாலேயே ஓடினேன்.