வைபியாவ் என்றால் வெளித்தோற்றம்

போன வாரம் நான் ஒரு சீனச் சொல் கற்றுக்கொண்டேன். சிரிக்காதீர்கள்! அட்டனில் இருந்துகொண்டு சீன மொழி எதற்கு என்கிறீர்களா? எல்லாம் என் மச்சினன் சுப்பையாவால் வந்தது.

அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை அவனுக்கு. அங்கே தேயிலைப் பெட்டி இடித்து முன்பல் போனதிலிருந்து வாயைத் திறப்பதில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் ‘மாப்பிள்ளை சிடுமூஞ்சி’ என்று கையை விரித்துவிட்டார்கள். தங்கமான பிள்ளை… யாருக்குத் தெரிகிறது? இப்போது பொகவந்தலாவையில் ஒரு பெண், செல்லம்மா. தேர்த் திருவிழாவில் பார்த்ததிலிருந்து இவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்கிறான்.

கடைவீதியில் இருக்கும் சீனப் பல் வைத்தியரிடம் அழைத்துப் போனேன். பல் கட்டி முடித்துக் கண்ணாடியை நீட்டியவர், “வைபியாவ்! ரொம்ப நல்லா!” என்றார்.

“அது என்னங்க வைபியாவ்?”

மனிதர் தன் முகத்தைச் சுற்றி விரலால் வட்டம் போட்டார். தலைமுடியைத் தடவினார், சட்டையைத் தொட்டார். “வெளி… வெளி பாக்குறது.”

அட, வெளித்தோற்றம்! என்னையும் சொல்லச் சொன்னார். முதலில் குரல் விழ வேண்டுமாம், பிறகு வளைய வேண்டுமாம். ஒருவழியாகச் சரியாக வந்ததும் கை கொடுத்தார். பெண்ணின் நிறம், மாப்பிள்ளையின் கோட்டு… நம் கல்யாணப் பேச்சில் பாதி வைபியாவ்தானே? கிளம்பும்போது, “கல்லு மாதிரி சாமான் கடிக்க வேணாம்” என்று சுப்பையாவை எச்சரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போனோம். தோட்டத்து லயத்தில் அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். செல்லம்மா தட்டோடு வந்தாள். தட்டில் என்ன தெரியுமா? பொரிவிளங்காய் உருண்டை! சுத்தியல் இல்லாமல் உடையாத பலகாரம்.

நம் வழக்கம்தான் தெரியுமே. பெண் கொடுத்ததைச் சாப்பிட்டால் சம்மதம். தொடாமல் எழுந்தால் பெண் பிடிக்கவில்லை. சுப்பையாவோ உருண்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“என்னங்க தம்பி, எங்க வீட்ல கை நனைக்க மாட்டீங்களா?”

செல்லம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சுப்பையா அதைப் பார்த்தான். அவ்வளவுதான் — நறுக்கென்று ஒரே கடி! புதுப் பல் உருண்டையோடு போய்விட்டது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவன் பல்லை உருவிச் சட்டைப் பையில் போட்டான். மிச்ச உருண்டையைக் கடைவாயில் ஒதுக்கி மென்று, முழுசும் தின்று முடித்தான். பிறகு அவளைப் பார்த்து, முன்பல் இல்லாமலே, வாய் நிறையச் சிரித்தான். எனக்கு அவன்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது.

“கட்டுன பல்லுங்க அது. உருண்ட நல்லாருக்குங்க.”

செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை மறுபடி நீட்டினாள்.

“இன்னொன்னு எடுத்துக்கங்க… நான் இடிச்சுத் தர்றேன்.”

தையில் கல்யாணம். எல்லோரும் வந்துவிடுங்கள் — பல் கெட்டியானவர்களுக்கு முதல் பந்தி!